கான்தலூப் கொடியைத் தூக்க ஓர் ஆள்

நவம்பர் 3
அன்செல்மோ தாத்தா இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். போயிற்று.

பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்து இந்தப் புல்வெளியில் ஊரை உண்டாக்கிய குடும்பங்கள், ஊர் பிறந்தநாளில் குடும்பத்துக்கொரு கொடி தூக்கிப் போகும். கொடியில் குடும்பப் பெயர். அந்தப் பெயர் உள்ளவர்தான் தூக்கலாம். தூக்க ஆளில்லாத கொடி அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் அப்புறம் வெளியே வராது. கான்தலூப் குடும்பத்தில் மிச்சம் அம்மாவின் சித்தப்பாவான இவர் மட்டும். நானோ கந்தேலா பியாங்கி. அப்பா வழி இத்தாலி. கணக்கில் சேரேன்.

"என்னோட முடிஞ்சுதுடி" என்று ஆஸ்பத்திரியில் அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே!

நவம்பர் 9
கறிக்கடை வாசலில் ஒட்டினேன்: "தேவை: ஆண் ஒருவர். பெயர் கான்தலூப். பல் அவசியமில்லை." மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் நாயோடு. நாய்தான் தேறியது.

தன் பஞ்சர் கடையிலிருந்து அம்மா கத்தினாள்: "உன் வாலை நறுக்கி டயர்ல ஒட்டிடுவேன்டி!"

நவம்பர் 15
பிரான்ஸிலிருக்கும் தூரத்துச் சொந்தம் பாஸ்கால் மாமாவைச் செல்போனில் பிடித்தோம். வர முடியாதாம், ஆடுகள் குட்டி போடும் சமயம்.

"நம்ம பேரு ஒரு பிரபுவோடதுதானே, கேளு" என்றார் தாத்தா. என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் கேட்டேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பிரபுவா? ஓநாய் ஊளையிடுற மேடுன்னு அர்த்தம். கல்லும் ஓநாயும்தான் அங்க. அதான் உங்க ஆளுங்க கப்பல் ஏறுனாங்க!"

நான் ஊளையிட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள்.

நவம்பர் 22
சுகாதார நிலையம். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. "கான்தலூப்!" என்று கூப்பிட்டார்கள். அட, இன்னொருத்தன் இருக்கிறானா? கழுத்தைத் திருப்பித் தேடுகிறேன் — அம்மா எழுந்து போகிறாள்.

நொயெமி கான்தலூப்! எங்கள் நாட்டில் கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. அடையாள அட்டையிலும் அதுதான், கடை உரிமத்திலும் அதுதான். பதினாறு வருடமாக ஒரு கான்தலூப் எனக்கு முட்டை பொரித்துப் போடுகிறது. ஊரே ஆம்பளையைத் தேடியது. சரி, நானுமா?

நவம்பர் 23
"பொம்பளையா? கம்பு என்ன கனம் தெரியுமா?" என்றார் தாத்தா.

"லாரி டயர் என்ன கனம் தெரியுமா, சித்தப்பா?"

விழாக் குழு விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தது. 'ஆண்' என்ற சொல்லே அதில் இல்லை.

டிசம்பர் 6
தூக்கினாள்! காற்று கொடியைப் பிடுங்கப் பார்த்தது, அம்மா அசைந்தால்தானே? பின்னால், வேறு வேறு பெயர் கொண்ட பெண்வழிப் பிள்ளைகள் நாங்கள் அத்தனை பேரும் ஊளை. அப்புறம் தெருவே ஊளை. சக்கர நாற்காலியில் தாத்தா எல்லோரையும் மிஞ்சினார்: "உயரப் பிடி, புள்ள! ஊஊஊ!"

டிசம்பர் 7
தொண்டை இல்லை.

டிசம்பர் 14
என் பெயரோடு அம்மாவின் பெயரையும் சேர்க்கப் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, "பியாங்கியைத் தூக்கிடாதடி" என்றார்.

சாயங்காலம் தாத்தா கூப்பிட்டனுப்பினார். கொடிக்கம்பைத் தாங்கும் தோல்வாரை என் தோளில் மாட்டிவிட்டார். தொளதொளவென்று தொங்கியது.

"சும்மா பாக்குறேன்" என்றபடி, ஆணியை எடுத்து வாரில் இன்னொரு ஓட்டை போட்டார்.