பெயர் போடாத மெட்டு

8.6.2004, செவ்வாய். கொட்டகலை.

பள்ளிக்கூட விழாப் பாட்டுக்கு நானே மெட்டுப் போட்டேன். நோட்ஸ் எழுதத்தான் தெரியாது. பாடினால் கம்ப்யூட்டரே எழுதிவிடும் என்று ஹட்டனில் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கும் ஃபாரூக் நானா சொன்னதால் இன்று போனேன்.

கண்ணை மூடி மைக்கில் பாடினேன். திரையில் ஸ்வரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் ஏறி இறங்கின. என் குரல் நடுங்கிய இடங்களில் விழுந்த வேண்டாத கட்டங்களை நானா பொறுமையாக அழித்தார். பிறகு புல்லாங்குழல் சத்தத்தில் போட்டுக் காட்டினார். என் கரகரப்பு இல்லாமல் அந்த மெட்டு, தேயிலைக்கு மேல் பனி நகர்வதுபோல மெல்லப் போனது. கடையில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

"நல்லா இருக்கே டீச்சர். யாரு போட்ட மெட்டு?"

"தெரியாதுங்க. பழைய தோட்டத்துப் பாட்டு."

அவர் அதையே சீடி உறையில் எழுதித் தந்தார். நான் அப்படியே வாங்கிக்கொண்டேன். என் குரலைக் கேட்டுச் சிரிக்கிற டீச்சர்மார் மெட்டையும் கேட்டுச் சிரித்துவிட்டால் என்ற பயம்தான்.

பஸ்ஸில் வரும்போதும் அந்தக் குழல் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தது. இன்னும் கேட்கிறது.

இப்போதுதான் உறையில் அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதிவிட்டேன்.