காவல்காரன் பார்த்த பக்கம்

காரின் பக்கத்து இருக்கையில் உன் நினைவு மலர் கிடக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டும் அச்சு மையின் வாடை மூக்கில் ஏறுகிறது. அட்டையில் நீ சிரிக்கிறாய். உன் தலைக்குப் பக்கத்தில் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு மரகத மோதிரம். கீழே, 'எகிப்தில் ரத்தினங்கள் கண்டெடுத்த மேதை'. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ மரகதச் சுரங்கத்துப் பக்கமே போனதில்லையேடா!

நீ போனது செவ்வந்திக்கல் தோண்டிய இடத்துக்கு. அஸ்வானுக்குத் தென்கிழக்கே, நைல் நதியை விட்டு விலகிய பொட்டல் பாலைவனம். பாரோ மன்னர்கள் காலத்தில் ஆட்களை அங்கே கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். ஊதாக் கற்கள் அரண்மனைக்குப் போய்விட்டன. ஆட்கள் அடுக்கிய கல்சுவர்களும் உடைந்த தண்ணீர்ச் சாடிகளும் அங்கேயே கிடக்கின்றன. நீ தேடியது அவற்றைத்தான். ஒரு கற்சில்லைக்கூட அந்த நாட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாது, நீயும் எடுத்ததில்லை. உன் செத்த வீட்டில் ஒரு அங்கிள் என் காதோரம் குனிந்து, "தம்பி, ஒண்டாவது கொண்டந்து வைச்சிருப்பாரே?" என்று கேட்டார். அவர் வயதுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிளேட்டனில், பல்கலைக்கழகத்தில் நாம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் கல்லைப் படித்த திருச்சிக்காரன். நீ அந்தக் கல்லைத் தோண்டிய ஆளைப் படித்த யாழ்ப்பாணத்தான். ஒருநாள் மேசை நிறையப் படங்களைப் பரப்பி, மேட்டிலிருந்த ஒரு காவல் குடிசையைக் காட்டினாய்.

"வெளியில இருந்து வாற கள்ளருக்குக் காவலெண்டா வாசல் அந்தப் பக்கமெல்லோ இருக்கோணும்? இது வேலையாக்களின்ர குடிசையளைப் பாத்துக்கொண்டிருக்கு, மச்சான்."

"இத்தனை பேர் பார்த்த படம். உனக்கு மட்டும் எப்படிடா கண்ணுல பட்டுச்சு?"

"கம்பி வேலிக்குள்ள இருந்தவனுக்குக் காவல்காரன் எங்க நிப்பானெண்டு தெரியாதே?" என்றாய். படகில் அகதியாக வந்த உன்னை இந்த நாட்டு அரசு பாலைவன முகாம் ஒன்றில் அடைத்து வைத்திருந்ததை அன்றுதான் சொன்னாய். எனக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப அவங்க அடிமைங்கதான்னு எழுதித் தொலையேன்" என்று கத்தினேன். நீ தலையாட்டவில்லை. "அதுக்கு ஆதாரம் காணாது. ஆரோ அவங்களைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாங்கள். அவ்வளவுதான் சொல்லலாம்." உன் நிதானத்தின் மீதும் எனக்கு அன்று எரிச்சல்தான்.

நீ மாரடைப்பில் போன பிறகு, நினைவு மலருக்கு உன் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி உன் அண்ணன் கேட்டார். முகாமிலிருந்துதான் தொடங்கினேன். மறுநாளே போன் வந்தது.

"அந்த முகாம் கதையெல்லாம் இப்ப ஏன்? என்ர மகளுக்குக் கலியாணம் பேசுறம். சனம் என்ன கதைக்கும்?"

"அது இல்லாம அவன் ஆராய்ச்சியே இல்லைங்க."

"நீங்கள் இந்தியாவில இருந்து விசாவோட வந்தனீங்கள். உங்களுக்கு விளங்காது."

எனக்கு விளங்காதாம்! வெட்டியே விட்டார். வெட்டிய இடத்தில் மரகதம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்று கிரான்பர்ன் மண்டபத்தில் உன் முப்பத்தோராம் நாள். தேவாரம் முடிந்ததும் யாரையும் கேட்காமல் மைக்கைப் பிடித்தேன். நீ எங்கே அடைபட்டிருந்தாய், அதனால் அந்தக் குடிசையில் எதைப் பார்த்தாய் என்று சொன்னேன். உன் அண்ணன் வந்து மைக்கை வாங்கி, "எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்றார். அவ்வளவு பேரில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிடாமல் வெளியேறினேன். கார் நிறுத்துமிடத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் பின்னால் ஓடி வந்தார்.

"தம்பி, நில்லுங்கோ. அந்த முகாமில எனக்குப் பக்கத்துக் கட்டில் அவன்தான்."

கையை நீட்டினேன். அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ர மனுசிக்கு இண்டுவரைக்கும் சொல்லேல்ல. அந்தக் காலத்தில கப்பல் கொம்பனியில வேலை செய்தனான் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். உள்ள நீங்கள் கதைச்சதைக் கேட்டு, பாவம், அழுதுகொண்டிருக்கிறாள், ஆருக்காகவெண்டு தெரியாமலே. இப்ப போய்ச் சொல்லப் போறன்."

திரும்பி மண்டபத்துக்குள் நடந்தார். நான் இன்னும் காரைக் கிளப்பவில்லை. கோபம் துளியும் ஆறவில்லையடா. நீ விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான், ஆறவிட மாட்டேன்.