கசற் செற் பூட்டிய நாள்

24.6.1979, ஞாயிறு

சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை. என் பழைய வாடகைக் காரில் இன்று பாட்டுக் கேட்கக் கசற் செற் பூட்டியாயிற்று. அவசரத்தில் நான் செற்றை நேரே காரின் இரும்புத் தகட்டோடு முறுக்கப் போனேன். வயரிங் செய்யும் மன்சூர் கையைப் பிடித்துவிட்டார். "அண்ணன், பழைய காருக்குக் கரண்ட் மாறித்தான் ஓடும். இரும்பில முட்டினா செற் எரிஞ்சி போகும்." சைக்கிள் ரியூப் றப்பரை வெட்டி இடையில் வைத்துப் பூட்டினோம். பாட்டு கணீரென்று வந்தது.

பின்னேரம் மனைவி கமலாவை ஏற்றிக்கொண்டு துறைமுகப் பக்கம் போனேன். முன்னால் இருந்தால் சனம் கதைக்கும் என்று, கலியாணம் முடித்த நாள் முதல் அவள் பின்னால்தான் ஏறுவாள். பாதி வழியில், "இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ. பின்னால இருந்து சத்தத்தைக் கூட்ட ஏலாது" என்றாள். இறங்கி, முன்னால் வந்து ஏறினாள்.

சீனன்குடா வரைக்கும் போய்த் திரும்பினோம். சத்தத்தை அவள் கூட்டவேயில்லை.