அம்மா என்று பெயர் வைத்த நட்சத்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலத்தை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வலி போகாது, தேய்க்க வேண்டும். நான் நலம். இருமல் போய்விட்டது. வந்ததையே அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. நாங்கள் ஆராய்வது இரண்டு சிவப்புக் குள்ள நட்சத்திரங்களை. வானத்துக் கணக்கில் நமக்குப் பக்கத்து வீடு. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே காலம் தள்ளுகின்றன. ஒன்று திடீரென்று சீறிப் பளிச்சென்று எரியும், பிறகு தானாக அடங்கும். மற்றது எதுவும் காதில் விழாத மாதிரி இருக்கும். அட்டவணை எண்கள் என் மண்டையில் நிற்காததால், கணினியில் 'அம்மா', 'அப்பா' என்று பெயர் வைத்திருந்தேன். மாற்ற மறந்து, கூட்டத்தில் அப்படியே திரையில் போட்டுவிட்டேன்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அம்மான்னா யாரு?" என்றார். சொன்னேன்.

"அப்பா ஏன் ஒண்ணும் பேசாம இருக்காரு?"

"அதனாலதான் சார் ரெண்டு பேரும் இன்னும் ஒண்ணா இருக்காங்க."

எல்லோரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.

அன்றிலிருந்து தினமும், "அம்மா இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார். நானும் வரைபடத்தைப் பார்த்து, "அமைதியா இருக்காங்க சார்" என்கிறேன். நம் வீட்டு நிலவரம்தான் தெரிவதில்லை.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதீர்கள். அவள் சீறினால் எங்கள் தொலைநோக்கியில் பதிவாகிவிடும். இன்னொரு சின்ன வேலை: நான் பேசும்போது உங்களுக்குள் சண்டை வந்தால் போனை கட் பண்ணாதீர்கள். மேசைமேல் வைத்துவிட்டுச் சண்டை போடுங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பேராசிரியர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்