ஒரு வாய் தண்ணீர்

டுமகெட்டே,
ஜூலை 6, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

எமெரித்தா எழுதுவது. குடிநீர் வேலைக்கான பயிற்சிக் கூடத்துக்கு வெளியே கடல். மத்தியானத்தில் அது அசையாமல் கிடக்கும்போது, மலையில் நீங்கள் திறந்துவிட்ட தண்ணீர்தான் இறங்கி வந்து இங்கே தூங்குகிறதோ என்று தோன்றும்.

இன்று ஒத்திகை. "குழாய்த் தண்ணியில மண்ணெண்ணெய் வாடை அடிக்குது" என்று பொய்யாக ஒரு புகார். போனை எடுத்த நான், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேனே தவிர, எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "ஊரே செத்துப்போச்சு. ஆனா மரியாதையா செத்துச்சு" என்றார் பயிற்சியாளர். நானும் சிரித்தேன்.

மழைக்குப்பின் அவரவர் ஊரில் தண்ணீரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்துத் திறப்பார்கள் என்று எழுதினேன். நம் நீரேற்று நிலையத்தில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். தாள் நம் ஊர்த் தண்ணீர் அலுவலகத்துக்குப் போகும் என்று தெரிந்துதான் எழுதினேன். வாடையும் ருசியும் இல்லாத விஷம் உண்டு, அப்பா. இனிக் குடிக்காதீர்கள்.

எமி

ஜூலை 14

எமி கண்ணு,

ஆபீஸ்ல உன் தாளைப் படிச்சுக் காட்டினாங்க. கையெழுத்து அழகா இருக்கு. பத்தொம்பது வருஷமா என் நாக்கு ஊரைக் காப்பாத்துச்சு. இனி என்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு யோசிக்கிறாங்களாம். படிக்க வெச்சதுக்கு நல்லா எழுதிட்ட.

கருவாடு அம்மா குடுத்தனுப்புறா. நான் இல்ல.

தியோஃபிலோ

ஜூலை 21

அன்புள்ள அப்பா,

பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். நான்கு முறை படித்தேன்.

நேற்று ஒரு கனவு. ஊருக்கு அடியில் குழாய்க்குள் நடக்கிறேன். பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரம் கழுவுகிறார்கள், யாரோ குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். நடக்க நடக்க நீங்கள் இருக்கும் இடம் வரவேயில்லை.

மறுபடி எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன். திட்டியாவது எழுதுங்கள்.

எமி

ஆகஸ்ட் 3

எமி,

திங்கக்கிழமை பேய்மழை. மறுநாள் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு வந்துச்சு. தம்ளர் உதடு வரைக்கும் வந்துட்டுது. கீழ வெச்சேன். வால்வை மூடிட்டு, பாட்டில்ல பிடிச்சு டவுனுக்குச் சோதனைக்கு அனுப்பினேன்.

மூணு நாள் ஊரே திட்டுச்சு. "இவ்வளவு தெளிஞ்ச தண்ணியை மூடி வெச்சிருக்கான், கிழவனுக்கு மூளை கழண்டுபோச்சு"ன்னாங்க. நேத்து முடிவு வந்துச்சு. மேல வாழைத் தோட்டத்துப் பூச்சிமருந்து ஓடையில கலந்திருக்கு.

இன்னிக்கு நிலையத்துச் சாவியை வாங்கிக்கிட்டாங்க. வேலையை விட்டு நிறுத்துற கடுதாசி முன்னாடியே அடிச்சு வெச்சிருந்தாங்க போல. நீ வந்ததும் உன்கிட்டதான் தருவாங்களாம். வாங்கிக்க.

என்னைக்காவது அந்தப் பக்கம் வந்து, ஒரு வாய் பார்க்கட்டுமான்னு கேட்பேன். கேட்காம இருக்க என்னால ஆகாது.

குடுக்காத.

அப்பா