மணற்காட்டில் மிதிபட்ட முட்டை

என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு இல்லாத நண்பர்கள் எல்லாரும் இப்போது முளைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெரிய மனிதரை நினைவிருக்கிறதா? நீங்கள் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் ஒரேயொரு நாள் உங்களோடு பறவை பார்க்கத் தொண்டைமானாற்றுக்கு வந்து, வெயில் சுடுகிறதென்று பத்து நிமிடத்தில் திரும்பிப் போனவர். அவர் இப்போது உங்கள் உற்ற தோழராம். பறவை நிபுணராம். பேரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் வெட்டி எங்காவது ஒட்டி வைத்துக்கொள்வார்.

போன ஆனியில் உங்கள் பெயரில் ஒரு நினைவுப் பயணம் வைத்தார். வல்வெட்டித்துறையில் தொடங்கி, கடற்கரை வீதியால் மணற்காடு வரை, வான் வண்டியில் இரண்டு நாள். கரைப்பறவை பார்ப்பதும் கூடாரத்தில் தங்குவதும். தங்கச்சி வராவிட்டால் சரியில்லை என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். போனேன். புத்தி கெட்டுத்தான் போனேன்.

மணற்காட்டில் சவுக்கு மரங்களுக்கு நடுவே உங்கள் படம் போட்ட பதாகை கட்டினார்கள். உங்கள் முகத்தை விட அவருடைய முகம் பெரிது. கீழே கோழி சுட்டார்கள், பாட்டுப் பெட்டி அலறியது. அந்தச் சத்தத்தில் எந்தப் பறவை அண்ணை வந்து இறங்கும்?

மறுநாள் காலை மணல்வெளியில் நடந்தோம். ஒரு சின்ன உப்புக்கொத்தி எங்களுக்கு முன்னால் செட்டையை இழுத்து இழுத்து நொண்டியது. நிபுணர் நின்றார்.

"உது செட்டை முறிஞ்ச குருவி. ஆராவது பிடியுங்கோ. கையிலை வைச்சு ஒரு படம் எடுப்பம்."

நீங்கள் சாப்பிடும்போது இதைப்பற்றிச் சொன்னதுண்டு. நான் போனைப் பார்த்தபடி அரைக் காதால் கேட்டிருக்கிறேன். அந்த அரைக் காதுக்குத் தெரிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"சேர், உதுக்கு ஒண்டும் முறியேல்லை. கிட்ட முட்டை கிடக்கு. எங்களைத் தூர இழுக்கத்தான் உப்பிடி நொண்டுது. நிண்ட இடத்திலையே நில்லுங்கோ."

நின்றார். ஆனால் ஏற்கெனவே மிதித்துவிட்டார். மணலில் சின்னக் குழி. இரண்டு முட்டை முழுசாக இருந்தது. மூன்றாவது அவருடைய சப்பாத்தின் கீழே.

சப்பாத்தை மணலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியாதே? உங்களைச் சோதிச்சுப் பாத்தனான்," என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அதையும் படமெடுத்தார்.

நான் திரும்பி நடந்து போய்ப் பதாகையை அவிழ்த்தேன். பின்னாலேயே வந்தார்.

"அண்ணையின்ரை பேரை இனி எங்கையும் போடாதேங்கோ," என்றேன்.

"அவற்றை நினைவுக்காகத்தானே செய்யிறம், தங்கச்சி."

"எனக்கு அண்ணை ஒராள்தான் இருந்தவர்."

பதாகையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வீதிக்கு நடந்தேன். பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் அவரைத் திட்டித் தீர்த்தேன். பஸ் வருவதற்குள் திட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. லீவு நாளெல்லாம் சேற்றில் நிற்கிற உங்களைப் பார்த்து, "வேறை வேலையில்லையோ?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? ஒரு நாளாவது கூட வந்தேனா? அவராவது பத்து நிமிடம் வந்தார்.

மூன்று கிழமை கழித்துத் தனியாகப் போனேன். குழியில் ஒன்றுமில்லை. நாயோ காகமோ தின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பும்போது, அடம்பன் கொடிக்குள்ளிருந்து இரண்டு குஞ்சுகள் ஓடின. பஞ்சுத் துணுக்குக்குக் கால் முளைத்தது போல. அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

அடுத்த ஆனியிலும் பயணம் உண்டென்று அவர் அறிவித்திருக்கிறார். வரட்டும். மணல்வெளிக்கு இறங்கும் பாதையில் குறுக்கே நான் நிற்பேன், அண்ணை. அந்த வருசத்துக் குஞ்சுகள் பறக்கும் வரைக்கும் அசைய மாட்டேன்.

பிந்தி வந்த உங்கள் தங்கச்சி,
சாந்தி