அம்மாவின் முழங்கால்

ஜூன் 3, செவ்வாய்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீடு வந்து சேர்ந்தாள். இனி அந்தக் கால் மடங்குவது என் பொறுப்பு. ஊரார் மூட்டுகளையெல்லாம் மடக்கிவிடும் பிசியோதெரபி பிரிவுக்கு நான் தலைமை. பெற்றவளின் காலை விட்டுவிடுவேனா?

ஜூன் 5, வியாழன்

“நீ வேணாம். அந்தக் குருவி செய்யட்டும்” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

குருவி என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். வாய் ஓயாமல் பேசுவதால் எல்லோரும் வைத்த பெயர். அறுவை முடிந்த மறுநாள் அம்மாவை எழுப்பி நடக்கவைத்தவள். ஏன் அவள் என்று கேட்டதற்கு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நானா அயலாள்?

ஜூன் 11, புதன்

சிகிச்சை அறையில் திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவும் குருவியும். ஒரே சிரிப்பு. இந்தப் பக்கம் நான் ஒருவரின் இடுப்பை நீவிக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் மெதுவா மேடம்” என்றார் பாவம்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டிலும் குருவி புராணம்தான். காலுக்கடியில் தலையணை வைக்கக்கூடாதாம், குருவி சொன்னாளாம். முதல் நாளே நான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தால் காதில் ஏறாது.

அவளோ “அம்மா இன்னிக்கு சூப்பரா மடக்கினாங்க மேடம்” என்கிறாள். அம்மாவாம். யாருக்கு அம்மா?

ஜூன் 16, திங்கள்

குருவியின் கையையே பார்த்தேன். சின்னக் கை. நகத்தில் பாலிஷ் வேறு.

ஜூன் 18, புதன்

குருவியை வார்டு பணிக்கு மாற்றிவிட்டேன். அங்கே ஆள் போதவில்லை என்று காரணம் சொன்னேன். பொய். சரி மேடம் என்று போனாள். இனி நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

நான் கை வைத்ததும் அம்மாவின் தொடை கல்லாகிவிடுகிறது. தளர்த்தும்மா என்றால், உதட்டைக் கடித்துக்கொண்டு “வலிக்கல, வலிக்கல” என்கிறாள். வலிக்காமல் எப்படி இருக்கும்?

ஜூன் 26, வியாழன்

மடங்கிக்கொண்டிருந்த கால் விறைத்துப்போய்விட்டது. இப்படியே போனால் மயக்க மருந்து கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்கவேண்டியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். வயிற்றெரிச்சல் என்னுது, அவதி அவளுக்கு. என்ன பொம்பள நான்?

கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அந்தக் குருவி என்று மறுபடி கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்:

“அவகிட்ட கத்துவேன்டி. வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவ சிரிச்சுக்கிட்டே மடக்கிடுவா. நான் லேசா முகம் சுளிச்சாலே உன் முகம் செத்துப்போகுது. அதப் பாத்துக்கிட்டு எப்படிக் கத்துறது?”

தினமும் எத்தனை பேர் என்னிடம் கத்துகிறார்கள் என்றேன்.

“அவங்களுக்கெல்லாம் நீ பொண்ணு இல்லையே.”

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 27, வெள்ளி

வார்டுக்குப் போய்க் குருவியைத் தனியே அழைத்தேன். ஆள் பற்றாக்குறை எல்லாம் இல்லை, பொறாமைதான் என்றேன். சொல்லும்போது காது சுட்டது. ஓயாமல் பேசுகிறவள், அம்மாவை எத்தனை மணிக்குக் கூட்டிவருவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 17, வியாழன்

சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அம்மாவின் குரல்: பாவி, சண்டாளி, காலை ஒடிக்கிறாளே. என்னை ஒருநாளும் இப்படி வாயாரத் திட்டியதில்லை. அதிலும் துளிப் பொறாமை வந்தது, மறைப்பானேன்.

முகமெல்லாம் வியர்வையோடு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் நன்றாக மடங்குகிறது. “பசிக்குதுடி” என்றாள். கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

நிமிர்ந்தால் வாசலில் குருவி. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் அம்மா எங்கே இருக்கிறார் என்று அப்போதுதான் கேட்டேன். இத்தனை மாதத்தில் கேட்டதேயில்லை.

“இல்ல மேடம். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்க.”

அம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. அவள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்: “ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா.”